வெப் சர்வர்களில் நினைவகப் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ், ஐஐஎஸ் போன்ற வெப் சர்வர்களைப் பராமரிப்பவர்களுக்கான பக்கம் இது. சி மொழியில் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு அறிவிப்பு வந்ததும் பேட்ச் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சில பதில்கள் உறுத்தலாம்.

நினைவகப் பிழை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு நிரல் தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதிக்கு வெளியே படிப்பதையும் எழுதுவதையும் சொல்கிறார்கள். திருப்பிக் கொடுத்துவிட்ட பகுதியை இன்னும் தன்னுடையதாகவே நினைத்துத் தொடர்ந்து பயன்படுத்துவதும் இதில் சேரும். சி மொழியில் 100 பைட் கொண்ட ஒரு பஃபரில் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகத் துண்டு) 300 பைட்டை எழுதச் சொன்னால் மொழி தடுக்காது. அடுத்துள்ள 200 பைட்டில் எது இருந்தாலும் அதன்மேல் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

எல்லை தாண்டி எழுதினால், நிரல் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரியையே தாக்குபவர் மாற்றிவிட முடியும். எல்லை தாண்டிப் படித்தால், பக்கத்தில் கிடந்த கடவுச்சொல்லோ ரகசியச் சாவியோ பதிலோடு சேர்ந்து வெளியே போய்விடும். இந்தப் பிழைகளின் வடிவங்கள் பல. ஆனால் வெப் சர்வர்களில் பெரிய சேதம் செய்தவற்றில் பல ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வெளியிலிருந்து வந்த ஒரு நீளத்தை அளந்து பார்க்காமல் நம்பியது. மூட்டையைத் தராசில் வைக்காமல், மேலே எழுதியிருக்கும் எடைக்குப் பணத்தை எண்ணிக் கொடுப்பது போன்றது அது.

மற்ற மென்பொருள்களைவிட வெப் சர்வரில் இது ஏன் இவ்வளவு ஆபத்து?

வெப் சர்வர் யாரிடமும் பேசும். பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கேட்பதற்கு முன்பே, முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய பைட்டுகளை எடுத்துப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிடும். ஹெடர்கள், சதவீதக் குறியிட்ட முகவரிகள், துண்டு துண்டாக வரும் உள்ளடக்கம், கோப்பின் நடுப்பகுதியை மட்டும் கேட்கும் கோரிக்கைகள், இவற்றுக்கெல்லாம் முன்னால் குறியாக்கத்துக்கான கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்கும் ஆரம்பச் செய்திகள்) என்று அது படிக்க வேண்டியவை ஏராளம். படிக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நீளம் இருக்கிறது.

இன்னொன்று, ஒரே புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பதில் சொல்கிறது. என் கோரிக்கைக்காகப் பயன்பட்ட நினைவகப் பகுதி அடுத்த நொடி உங்களுக்குப் பயன்படும். எனவே ஒருவர் செய்யும் சிறு திருட்டில் அகப்படுவது பெரும்பாலும் இன்னொருவரின் தகவல்.

அப்பாச்சி 1995-இல் வெளிவந்தது; எஞ்சின்எக்ஸ் 2004-இல். இரண்டும் சி மொழியில் எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் வேகத்துக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை.

ஹார்ட்பிளீட் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்களே, அதில் என்னதான் நடந்தது?

2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்த ஓட்டை அது. ஓட்டைகளுக்குக் கொடுக்கப்படும் பொது அடையாள எண்ணான சிவிஇ வரிசையில் சிவிஇ-2014-0160 என்ற எண் பெற்றது. இருந்தது வெப் சர்வரில் அல்ல, அப்பாச்சியும் எஞ்சின்எக்ஸும் குறியாக்கத்துக்காகப் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில். 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு செய்தி உண்டு. ஒரு பைட் வகை, இரண்டு பைட் நீளம், அதன்பின் ஏதோ ஒரு வாசகம், கடைசியில் குறைந்தது 16 பைட் நிரப்பல். வந்த வாசகத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் விதி. தாக்குபவர் வாசகம் ஒரு பைட் மட்டும் அனுப்பிவிட்டு, நீளம் என்ற இடத்தில் 65,535 என்று எழுதினார். சர்வர் அந்த எண்ணை நம்பி, அந்த ஒரு பைட்டிலிருந்து தொடங்கி ஏறக்குறைய 64 கிலோபைட்டை நினைவகத்திலிருந்து பிரதியெடுத்து அனுப்பியது. நீளத்துக்கு இரண்டு பைட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் 64 கிலோபைட்டோடு நின்றது. ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு ஏதாவது கிடைக்கும்.

திருத்தம் சில வரிகள்தான். வகை, நீளம், வாசகம், நிரப்பல் ஆகியவற்றின் கூட்டுத்தொகை உண்மையில் வந்துசேர்ந்த செய்தியைவிடப் பெரிதாக இருந்தால் பதில் சொல்லாமல் விட்டுவிடு. உலகத்தின் பெரும்பகுதியைக் கலங்கவைத்த விஷயத்துக்கு மருந்து ஒரு கூட்டலும் ஓர் ஒப்பீடும்.

ரகசியச் சாவி வரை கிடைக்குமா என்று அப்போது பலருக்குச் சந்தேகம் இருந்தது. பிற தளங்களின் போக்குவரத்தைத் தன் சர்வர்கள் வழியாக அனுப்பும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் ஓட்டையை மூடாத ஒரு சர்வரை வைத்து, முடிந்தால் சாவியை எடுத்துக்காட்டுங்கள் என்று சவால் விட்டது. சில மணி நேரத்திலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள்.

அப்படியானால் பேட்ச் போட்ட பிறகு சான்றிதழையும் மாற்ற வேண்டுமா?

படிக்கும் வகைப் பிழை என்றால் ஆம். திருத்தம் இனிமேல் நடக்கப்போவதைத்தான் தடுக்கும், போனது போனதுதான். முதலில் பேட்ச், பிறகு புதிய ரகசியச் சாவி, அதற்குப் புதிய சான்றிதழ், பழையதை ரத்து செய்தல், கடைசியாகப் பயனர்களின் அமர்வுகளையும் கடவுச்சொற்களையும் புதுப்பித்தல். இந்த வரிசை மாறக்கூடாது. ஓட்டை திறந்திருக்கும்போதே சாவியை மாற்றினால் புதிய சாவியும் அதே வழியில் போகும். பழைய சாவியை வைத்தே புதிய சான்றிதழ் வாங்குபவர்களும் உண்டு. அதில் பயன் ஒன்றும் இல்லை.

நீளத்தைச் சரிபார்த்துவிட்டாலே போதும்தானே? அது அவ்வளவு கடினமா?

சரிபார்க்கும் கணக்கே தவறிப்போகலாம் என்பதுதான் தொல்லை. கணினியில் எண்ணுக்கும் ஓர் அகலம் உண்டு. 2015 ஏப்ரலில் விண்டோஸின் எச்டிடிபி.சிஸ் என்ற பகுதியில் வெளியான சிவிஇ-2015-1635 இதற்கு நல்ல உதாரணம். ஒரு கோப்பின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் ஹெடரில் 0 முதல் 18446744073709551615 வரை தா என்று கேட்டால் போதும். அது 64 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண். நீளம் கண்டுபிடிக்க முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து ஒன்று கூட்டுகிறோம். கூட்டியதும் எண் நிரம்பி வழிந்து பூஜ்யமாகிவிடுகிறது. பூஜ்யம் எந்த எல்லைக்கும் உட்பட்டதுதான், சோதனையில் தேறிவிடும். இந்தப் பகுதி இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இயங்குவதால் விழுந்தது வெப் சர்வர் மட்டுமல்ல, இயந்திரமே.

எஞ்சின்எக்ஸில் 2013 மே மாதம் வெளியான சிவிஇ-2013-2028 இன்னும் நுணுக்கமானது. 1.3.9 முதல் 1.4.0 வரையிலான பதிப்புகளில் இருந்தது. உள்ளடக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு பதினாறடிமான எண்ணாக வரும். மிகப் பெரிய அளவைக் கொடுத்தால் அது குறை எண்ணாக, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதாக, மாறிவிட்டது. சர்வரிடம் 4,096 பைட் பஃபர் இருந்தது. "கேட்ட அளவு, 4,096 இரண்டில் எது சிறியதோ அதை எடு" என்று ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். குறை எண்தானே சிறியது! அதுவே தேர்வானது. அடுத்த வரியில் அதே எண்ணை, குறை எண்ணே இல்லாத இன்னொரு எண் வகையாகப் படித்தபோது மாபெரும் எண்ணாகிவிட்டது. அவ்வளவையும் அந்தச் சிறு பஃபரில் எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்?

இதில் வருத்தமான விஷயம், அப்பாச்சி இதே துண்டு அளவைப் படிக்கும் இடத்தில் 2002-இலேயே தவறியிருந்தது என்பது. சிவிஇ-2002-0392 என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதைப் பயன்படுத்தி ஸ்கால்ப்பர் என்ற வார்ம் (தானாகவே இயந்திரம் விட்டு இயந்திரம் பரவும் தீநிரல்) ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் இயந்திரங்களில் பரவியது. 11 ஆண்டுகள் கழித்து, வேறொரு குழு, வேறொரு நிரல், அதே நெறிமுறையில் அதே வரி. எஞ்சின்எக்ஸை எழுதியவர்கள் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கவனமாக எழுதினால் போதும் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான்.

நிரலே ஒழுங்காகத்தான் இருந்தது, வேறு எங்கோ செய்த மாற்றத்தால் ஓட்டை திறந்தது என்று நடக்குமா?

நடந்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி, கிளவுட்ஃப்ளேர் வழியாக வரும் சில பக்கங்களில் சம்பந்தமில்லாத தளங்களின் தகவல்கள் ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டார். கிளவுட்பிளீட் என்று பெயர் வந்தது. எச்டிஎம்எல் பக்கத்தைப் படிக்கும் பகுதியில், பஃபரின் முடிவை எட்டிவிட்டோமா என்று பார்க்கும் இடத்தில் "சமமா" என்று மட்டும் கேட்டிருந்தது. படிக்கும் இடத்தைச் சுட்டும் பாயின்டர் ஒரு பைட் தாவி முடிவைக் கடந்துவிட்டால் "சமம்" என்ற நிலை வரவே வராது, படித்துக்கொண்டே போகும். "சமமா, அல்லது தாண்டிவிட்டதா" என்று கேட்டிருந்தால் நின்றிருக்கும். இந்தக் குறை பல ஆண்டுகளாகவே இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு பாகுபடுத்தியை (எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கும் பகுதி) சேர்த்து, பஃபர்களைக் கையாளும் விதம் மாறிய பிறகுதான் உயிர்பெற்றது. கசிந்தவை தேடுபொறிகளின் சேமிப்பிலும் போய் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் தேடித் தேடி நீக்க வேண்டியிருந்தது.

ஏஎஸ்எல்ஆர், ஸ்டேக் கேனரி எல்லாம் இருக்கும்போது தாக்குபவரால் என்ன செய்துவிட முடியும்?

இவை இரண்டும் நல்ல தடைகள். ஏஎஸ்எல்ஆர், நிரலின் பகுதிகளை நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைக்கிறது. கேனரி, பஃபருக்கும் திரும்பும் முகவரிக்கும் நடுவே ஒரு ரகசிய எண்ணை வைத்து, அது மாறியிருந்தால் நிரலை உடனே கொன்றுவிடுகிறது. ஆனால் வெப் சர்வரின் ஒரு நல்ல குணமே இவற்றைப் பலவீனப்படுத்திவிட்டது.

எஞ்சின்எக்ஸில் ஒரு மாஸ்டர் புரோசஸ் இருக்கும். அது வொர்க்கர் புரோசஸ்களைப் பிறப்பிக்கும். வொர்க்கர் ஒன்று விழுந்தால் மாஸ்டர் உடனே இன்னொன்றைப் பிறப்பிக்கும், சேவை நிற்காது. ஆனால் பிறக்கும் ஒவ்வொரு வொர்க்கரும் மாஸ்டரின் அச்சுப் பிரதி. அதே முகவரிகள், அதே கேனரி.

2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு தாக்குதலைச் செய்துகாட்டினார்கள். கேனரி எட்டு பைட். மொத்தமாக ஊகிப்பது நடக்காத காரியம். ஆனால் பஃபரைத் தாண்டி ஒரே ஒரு பைட் மட்டும் எழுதிப் பார்க்கலாம் அல்லவா? தவறான பைட் என்றால் வொர்க்கர் செத்து இணைப்பு அறுந்துவிடும். சரியான பைட் என்றால் இணைப்பு நிற்கும். 256 முயற்சிக்குள் முதல் பைட் தெரிந்துவிடும். பிறகு இரண்டாவது, மூன்றாவது. எட்டு பைட்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 2,048 முயற்சிகள். திரும்பும் முகவரியையும் இப்படியே தடவித் தடவிக் கண்டுபிடித்து, சர்வரின் நிரலைக் கண்ணால் பார்க்காமலேயே, மேலே சொன்ன 2013 எஞ்சின்எக்ஸ் ஓட்டையின் வழியாக 4,000-க்கும் குறைவான கோரிக்கைகளில் உள்ளே நுழைந்தார்கள். பிடித்த நேரம் சுமார் 20 நிமிடம்.

இதற்கு மாற்று, புதிய புரோசஸைப் பிரதியெடுப்பதோடு நிற்காமல் நிரலைப் புதிதாக ஏற்றித் தொடங்குவது. தொலைவிலிருந்து உள்நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் ஒவ்வோர் இணைப்புக்கும் இப்படித்தான் செய்கிறது. வெப் சர்வர்கள் வேகத்துக்காகச் செய்வதில்லை.

அப்பாச்சி குறைந்த உரிமை உள்ள பயனராகத்தான் இயங்குகிறது. பிறகு என்ன பயம்?

2019 ஏப்ரலில் வெளியான சிவிஇ-2019-0211-ஐ ஒருமுறை பாருங்கள். அப்பாச்சியின் வொர்க்கர்கள் தங்கள் நிலவரத்தைப் பகிர்வு நினைவகம் ஒன்றில் எழுதிவைக்கின்றன. இயந்திரத்தின் முழு அதிகாரமான ரூட் உரிமையோடு இயங்கும் தாய்ப் புரோசஸ் அதைப் படிக்கிறது. அதில் இருந்த ஓர் எண்ணை, அணியின் (எண்ணிட்ட பட்டியலின்) எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் பயன்படுத்தியது. ஒரு வொர்க்கரைக் கைப்பற்றியவர் அந்த எண்ணை மாற்றிவைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். மெதுவாக மறுதொடக்கம் செய்யும் கட்டளை வரும்போது அவருடைய நிரல் ரூட்டாக இயங்கும். அந்தக் கட்டளையை யார் கொடுப்பார்கள் என்கிறீர்களா? லாக் கோப்புகளைச் சுழற்றும் தினசரி வேலையே கொடுத்துவிடும். அன்றைய டெபியனில் அது இயல்பாகக் காலை 6:25 மணிக்கு ஓடியது.

2.4.17 முதல் 2.4.38 வரையிலான பதிப்புகளில் இது இருந்தது, 2.4.39-இல் சரிசெய்யப்பட்டது. ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களின் தளங்களை வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மோசமான செய்தி இருக்க முடியாது, ஏனென்றால் வொர்க்கருக்குள் நிரல் ஓட்டும் உரிமையை அவர்கள் வாடிக்கையாளருக்குத் தாங்களாகவே கொடுத்திருக்கிறார்கள்.

முன்னால் ஒரு வெப் ஃபயர்வால் வைத்திருக்கிறோம். அது தடுக்காதா?

சிலவற்றைத் தடுக்கும். 64 பிட் எண்ணோடு வரும் ரேஞ்ச் ஹெடரை ஒரு விதி எழுதி நிறுத்திவிடலாம். பேட்ச் போடும்வரை மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் ஹார்ட்பிளீட் நடந்தது குறியாக்கப் படலத்தில். எச்டிடிபி கோரிக்கையை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது தெரியவே தெரியாது. தவிர, ஃபயர்வாலும் அந்நியர் அனுப்பும் பைட்டுகளைப் படிக்கும் ஒரு மென்பொருள்தான். வேலியே பயிரை மேயும் வாய்ப்பும் உண்டு.

பேட்ச் போட்டுவிட்டோம், சர்வரை ரீலோடும் செய்துவிட்டோம். இனி கவலை இல்லைதானே?

இருக்கிறது, அதுவும் நிறைய. வட்டில் உள்ள கோப்பு வேறு, ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் வேறு.

எஞ்சின்எக்ஸை ரீலோடு செய்தால் மாஸ்டர் புரோசஸ் அமைப்புக் கோப்பை மறுபடி படித்து, புதிய வொர்க்கர்களைப் பிறப்பிக்கும். மாஸ்டர் அதே பழைய மாஸ்டர்தான். பேட்ச் போடுவதற்கு முன்பு அது ஏற்றிய ஓப்பன்எஸ்எஸ்எல் அதன் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது; புதிய வொர்க்கர்களுக்கும் அதே பிரதிதான் போகிறது. முழுமையாக நிறுத்தித் தொடங்க வேண்டும், அல்லது சேவை தடைபடாமல் புதிய மாஸ்டரை ஏற்றும் முறையைக் கையாள வேண்டும்.

லினக்ஸில் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு புரோசஸும் ஏற்றிவைத்திருக்கும் லைப்ரரிகளின் பட்டியலை கெர்னலே காட்டும். நீக்கப்பட்ட பழைய கோப்பை ஒரு புரோசஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் அந்த வரியின் கடைசியில் 'டிலீட்டட்' என்ற குறிப்பு நிற்கும். நீட்ரீஸ்டார்ட் போன்ற கருவிகள் இந்தத் தேடலைத் தாங்களே செய்துதரும். அப்டேட் முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கன்டெய்னரில், அதாவது நிரலையும் அதன் லைப்ரரிகளையும் ஒன்றாகக் கட்டிய தனி உறையில், ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பொறி. அடியில் உள்ள இயந்திரத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் புதுப்பிப்பதால் கன்டெய்னருக்குள் இருக்கும் பிரதி மாறாது. இமேஜை மறுபடி கட்டி மறுபடி ஏற்ற வேண்டும். லைப்ரரியை உள்ளேயே சேர்த்துத் தொகுத்த நிரல்களுக்கும் இதே கதிதான்.

ஸ்கேனர் எங்கள் அப்பாச்சி பழைய பதிப்பு, ஆபத்து என்கிறது. லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரிப்யூஷனோ சரிசெய்துவிட்டோம் என்கிறது. யாரை நம்புவது?

பெரும்பாலும் டிஸ்ட்ரிப்யூஷனை. டெபியன், ரெட் ஹேட் போன்றவை முதன்மைப் பதிப்பு எண்ணை மாற்றாமல், திருத்தத்தை மட்டும் பழைய நிரலில் பொருத்தித் தருகின்றன. வெளியிலிருந்து எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனருக்கு இது புரியாது. பேக்கேஜின் மாற்றப் பதிவில் அந்த சிவிஇ எண் இருக்கிறதா என்று தேடுங்கள். நீங்களே மூலநிரலிலிருந்து தொகுத்த சர்வர் என்றால் ஸ்கேனர் சொல்வதுதான் சரி.

தாக்கியிருந்தால் லாகில் தெரியுமா?

தெரிவதும் உண்டு, தெரியாததும் உண்டு. 2001-இல் ஐஐஎஸ் சர்வர்களைத் தாக்கிய கோட் ரெட் வார்ம் லாக் முழுவதும் தடம் விட்டுச் சென்றது: டீஃபால்ட்.ஐடிஏ என்ற கோப்பைக் கேட்டு, பின்னால் நீளமாக 'என்' என்ற ஒரே எழுத்து. ஹார்ட்பிளீட் வழக்கமான லாகில் ஒரு வரிகூட விடவில்லை, ஏனென்றால் அங்கே எச்டிடிபி கோரிக்கையே நடக்கவில்லை.

எழுதும் வகைப் பிழைகளில் வேறொரு தடயம் கிடைக்கும். எல்லை மீறலில் வொர்க்கர் விழுந்தால், இந்த வொர்க்கர் சிக்னல் 11-ஆல் முடிந்தது என்று எரர் லாகில் ஒரு வரி வரும். மாஸ்டர் உடனே இன்னொன்றைப் பிறப்பித்துவிடுவதால் தளம் நிற்காது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்த வரிதான் மணியோசை. சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கில் வந்தால் மேலே சொன்ன பைட் பைட்டாகத் தடவும் தாக்குதலாகக்கூட இருக்கலாம். அந்த ஒரு வரிக்கு எச்சரிக்கை மணி பொருத்துவது எந்த விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் இன்றே முடிகிற வேலை.

பயன்படுத்தாத மாட்யூல்கள் சும்மாதானே கிடக்கின்றன?

கோட் ரெட் நுழைந்ததே அப்படிக் கிடந்த ஒன்றின் வழியாகத்தான். தேடல் வசதிக்காக ஐஐஎஸ்ஸோடு வந்த ஒரு நீட்சி. அந்தத் தேடல் சேவை ஓடாவிட்டாலும், அதற்கான கோப்பு இணைப்பு அமைப்பில் இருந்தாலே போதும், ஓட்டை திறந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் 2001 ஜூன் 18 அன்றே பேட்ச் வெளியிட்டுவிட்டது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 இயந்திரங்கள் விழுந்தன. அந்த வார்ம் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது, இயந்திரத்தை அணைத்துப் போட்டால் போய்விடும். பேட்ச் இல்லையென்றால் மறுபடி வந்துவிடும்.

அப்பாச்சியில் 2021-இல் வெளியான சிவிஇ-2021-44790 மோட்_லுவா என்ற மாட்யூலில் இருந்த பஃபர் மீறல். அதை ஏற்றாதவர்களுக்கு அது வெறும் செய்தி. ஏற்றியிருக்கும் மாட்யூல்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் எதற்காக வைத்திருக்கிறோம் என்று கேளுங்கள். பதில் தெரியாததை முதலில் சோதனைச் சர்வரில் நீக்கிப் பாருங்கள்.

ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் எழுதிய சர்வருக்கு மாறினால் தீர்ந்துவிடுமா?

இந்த வகைப் பிழையைப் பொறுத்தவரை பெருமளவு தீரும். கோ மொழியில் எல்லை தாண்டினால் நிரல் அங்கேயே நிற்கும்; பக்கத்து நினைவகம் கசியாது. ரஸ்ட் எல்லைகளைச் சோதிப்பதோடு, எந்தப் பகுதி யாருக்குச் சொந்தம் என்ற கணக்கைத் தொகுக்கும்போதே சரிபார்த்துவிடுகிறது. திருப்பிக் கொடுத்த நினைவகத்தை மறுபடி தொடும் நிரல் தொகுப்பைத் தாண்டி வெளியே வராது. கேடி என்ற வெப் சர்வர் கோ மொழியில் எழுதப்பட்டது. கிளவுட்ஃப்ளேர் தன் போக்குவரத்துக்காக ரஸ்ட்டில் எழுதிய பிங்கோராவை 2024 பிப்ரவரியில் திறமூலமாக வெளியிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இடத்துக்கு ரஸ்ட்எல்எஸ் இருக்கிறது.

தன் மென்பொருள்களில் ஒவ்வோர் ஆண்டும் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகம் சார்ந்தவை என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் 2019-இல் 76 சதவீதமாக இருந்த இந்தப் பங்கு 2024-இல் 24 சதவீதமானது. பழைய நிரலை எல்லாம் மாற்றி எழுதியதால் அல்ல. புதிதாக எழுதுவதைப் பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியதால். என் கருத்தில் இதுதான் நடைமுறை வழி. நன்றாக ஓடும் சர்வரை ஒரே இரவில் தூக்கி எறிய வேண்டாம். அடுத்து எழுதப்போகும் மாட்யூலை சி மொழியில் எழுதாதீர்கள்.

ஆனால் மொழி எல்லாவற்றையும் தீர்க்காது. 2021-இல் அப்பாச்சி 2.4.49-இல் கோப்புப் பாதையைத் தவறாகப் படித்த சிவிஇ-2021-41773, அதே ஆண்டு லாக்4ஜே என்ற லாக் எழுதும் லைப்ரரியில் வெளியான ஓட்டை, 2023-இல் எச்டிடிபி/2 கோரிக்கைகளைத் திறந்து திறந்து ரத்துசெய்து சர்வர்களைத் திணறடித்த தாக்குதல், மூன்றிலும் நினைவகப் பிழை இல்லை. லாக்4ஜே ஜாவாவில் எழுதியது. ரஸ்ட்டிலும் 'அன்சேஃப்' என்று குறியிட்ட பகுதிகளில் எழுதுபவரே பொறுப்பு.

சி மொழியில்தான் தொடர வேண்டும் என்றால்?

ஃபஸ்ஸிங் செய்யுங்கள். தாறுமாறான உள்ளீடுகளை லட்சக்கணக்கில் அனுப்பி எங்கே விழுகிறது என்று பார்க்கும் முறை. கூடவே அட்ரஸ் சானிட்டைசரைச் சேர்த்துத் தொகுத்துக்கொள்ள வேண்டும். எல்லை மீறிப் படித்தால் நிரல் சாதாரணமாக விழாது, அமைதியாகக் கசியும், அதைப் பிடித்துக்கொடுப்பது இந்தக் கருவி. நிரல் சுமார் இரண்டு மடங்கு மெதுவாகும் என்பதால் சோதனைக்கு மட்டும். ஹார்ட்பிளீட்டை இந்த இரண்டையும் சேர்த்துச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்க முடியும் என்று பின்னாளில் செய்துகாட்டினார்கள்.

அறிவிப்பு வந்ததும் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டுமா?

வேண்டாம். அறிவிப்பில் மூன்றைத் தேடுங்கள்: எந்த அமைப்பு இயக்கத்தில் இருந்தால் பாதிப்பு, உள்நுழையாமலே அடைய முடியுமா, படிப்பதா எழுதுவதா. எஞ்சின்எக்ஸின் சிவிஇ-2021-23017 0.6.18 முதல் 1.20.0 வரை எல்லாப் பதிப்புகளிலும் இருந்தது என்று படித்தால் பகீரென்றிருக்கும். ஆனால் 'ரிசால்வர்' என்ற அமைப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். 2022 நவம்பர் 1 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் வெளியிட்ட திருத்தத்துக்கு முன்கூட்டியே 'மிகத் தீவிரம்' என்று அறிவித்துப் பலரைத் தூங்கவிடாமல் செய்து, வெளியிட்ட அன்று ஒரு படி குறைத்தார்கள். 3.0.7-க்கு முந்தைய 3.0 வரிசைக்கு மட்டுமே அது பொருந்தியது, 1.1.1-இல் இருந்தவர்களுக்கு வேலையே இல்லை.

மறுபக்கம், பேட்சே வராது என்ற நிலையில் இருப்பவர்கள் தாமதிக்கவே கூடாது. விண்டோஸ் சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலையில் முடிந்தது. அதிலுள்ள ஐஐஎஸ் 6.0-இல் சர்வரில் உள்ள கோப்புகளைத் தொலைவிலிருந்து திருத்த உதவும் வெப்டேவ் வழியாக நுழையும் ஓட்டை 2017 மார்ச்சில் வெளியே தெரிந்தது. அதற்கு முன்பிருந்தே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக அந்த ஆண்டு ஜூனில் ஒரு பேட்ச் கொடுத்தது. விதிவிலக்கை நம்பித் திட்டமிட முடியாது.

இணையத்தில் கிடைக்கும் சோதனை நிரலை ஓட்டி, எங்கள் சர்வர் பாதிக்கப்படுகிறதா என்று பார்க்கலாமா?

உங்களுக்குச் சொந்தமான, பொதுமக்கள் பயன்படுத்தாத பிரதியில் பாருங்கள். இயங்கும் சர்வரில் வேண்டாம். எழுதும் வகைப் பிழையில் 'சோதனை' என்பதே நினைவகத்தைச் சிதைப்பதுதான். கெர்னலில் இருக்கும் ஓட்டை என்றால் இயந்திரம் படுத்துவிடும். படிக்கும் வகையில், சோதித்துக் கிடைத்த 64 கிலோபைட்டில் உங்கள் பயனர் ஒருவரின் கடவுச்சொல் உங்கள் திரையில் வந்து நிற்கலாம், அதை எழுதிவைக்கும் கருவியின் லாகிலும் தங்கிவிடலாம். அடுத்தவர் சர்வரில் ஓட்டிப் பார்ப்பது, நோக்கம் என்னவாக இருந்தாலும், பெரும்பாலான நாடுகளில் குற்றம். பதிப்பையும், அமைப்புக் கோப்பையும், ஓடும் புரோசஸ் ஏற்றியிருக்கும் லைப்ரரியையும் பார்த்தாலே பெரும்பாலான நேரங்களில் விடை கிடைத்துவிடும்.